பெயரும் பொருளும்

வாணிகத்துக்கு முதல் யாது என வினவின், பணமே எனப் பலரும் விடை பகர்வர். ஆயின் பணத்தைக் கடனாகப் பெறலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம். நற்பெயரை எவரிடமிருந்தும் இரவல் பெறல் இயலாது. வணிகனைப் பற்றியதாயினும் அது வணிகனிடம் இருப்பதன்று. அவனிடம் பொருள் கொண்டோரின் நெஞ்சிலே அது தங்கியுள்ளது. வாணிகம் செய்வாரைக் குறித்த குறளை வள்ளுவர் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தின் இறுதியில் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் பொருத்தமானதோர் இடமாகும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கிச் செல்லும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரை ஊடறுக்கும் உயரத்தில் அது அமைந்துள்ளது. ஒரு புறம் ஈரலிப்பான தேயிலைச் சரிவுகள். மறுபுறம் பிட்டவல பத்தனைப் புல்வெளியும் லக்கலைப் பகுதியின் வயல்களும். மூடுபனியும் கடுங்காற்றும் அவ்விடத்தின் இயல்புகள்.

இம்மலைகள் உலகச் சந்தைக்குப் பல பண்டங்களை வழங்கியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பி விளைந்தது. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் அதனை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை பின்னர் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. காட்டு மரங்களின் நிழலில் ஏலமும் வளர்க்கப்பட்டது. எனினும் இப்பண்டங்களை நுகர்ந்தோர் அவற்றை விளைவித்தோரின் முகத்தைக் கண்டவரல்லர். பொறுப்புடன் உலர்த்தியவனின் ஏலமும் பொறுப்பின்றி உலர்த்தியவனின் ஏலமும் ஒரே சாக்கினுட் கலந்தால், நல்லுழைப்புக்குப் பெயர் ஏது?

தேயிலையின் நிலையும் இத்தகையதே. பெட்டிகளில் அடைக்கப்பட்டு இலண்டன் சென்ற இலங்கைத் தேயிலை, பிறநாட்டுத் தேயிலைகளுடன் கலக்கப்பட்டு, பிறர் பெயரால் விலைப்பட்டது. நீர்கொழும்புப் பகுதியில் 1930 இற் பிறந்த மெரில் பெர்னாண்டோ, 1950களில் இலண்டனிற் பயிற்சி பெற்றபோது இந்நிலையை நேரிற் கண்டார். உழைப்பு ஒரு நாட்டிலும் பெயர் பிறிதொரு நாட்டிலும் இருப்பதை மாற்ற அவர் விரும்பினார். நெடுங்காலம் மொத்தத் தேயிலையை ஏற்றுமதி செய்தபின், 1980களில் தம் மைந்தர் டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து ‘டில்மா’ என்னும் பெயரில் அவுஸ்திரேலியச் சந்தையிற் புகுந்தார். வேற்றுநாட்டுத் தேயிலை கலவாது, விளைந்த நாட்டிலேயே பொதி செய்து அனுப்புவது அவரது கொள்கை. விளம்பரங்களிலும் அவரே தோன்றித் தம் தேநீரைச் சுவைத்துப் பார்க்குமாறு வேண்டினார். பொருளுக்குப் பின்னால் முகங்காட்டி நிற்பவர், பொருள் பழுதுபடின் முகமிழக்கவும் உடன்படுகிறார். நுகர்வோரின் நம்பிக்கை அவ்வுடன்பாட்டிலேயே பிறக்கின்றது. இலாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கென ஒதுக்கும் அறநிலையமொன்றையும் அவர் நிறுவினார். 2023 இல் அவர் மறைந்தபோது, அவர் வளர்த்த பெயர் பல நாடுகளில் வழங்கிவந்தது.

எனினும் சமூகத்துக்குச் செய்யும் தொண்டு என்பது யாது என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. இலங்கைத் தேயிலையின் பெயர் கொழுந்து கொய்யும் விரல்களிலே தொடங்குகின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் அளவறிந்து கிள்ளப்படாவிடின், எந்தத் தொழிற்சாலையும் நல்ல தேயிலையை ஆக்கிவிடாது. அவ்விரல்களுக்குரிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்தனர். அவ்வநீதியின் எச்சங்கள் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லயன் அறைகளின் நெருக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இலாபம் பிறந்தபின் கொடுப்பது கொடை; அது பிறக்குமுன் கொடுக்க வேண்டியது கூலி. கொடை எத்துணைச் சிறந்ததாயினும் கூலியின் இடத்தை அது நிரப்பாது. ஒரு பண்டத்தின் புகழில் உழைத்தோருக்கும் உரிமை உண்டு என ஏற்பதே சமூகத் தொண்டின் முதற்படியாகும்.

ரிவர்ஸ்டனின் வாணிகம் இன்று வேறொரு வடிவம் பெற்றுள்ளது. நக்கிள்ஸ் காடு 2000 ஆம் ஆண்டிற் பேணற்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. காட்சியை நாடி வருவோர் பெருகினர். பண்டம் கடல் கடந்து சென்ற காலம் போய், கொள்வோரே மலையேறி வரும் காலம் வந்துள்ளது. விளைவித்தவனும் நுகர்பவனும் ஈண்டு நேருக்கு நேர் நிற்கின்றனர்.

ஆயின் இங்கே ஒரு சோதனையும் உண்டு. ஊர்க் கடைக்கு நாள்தோறும் வருபவனை ஏமாற்ற எவரும் துணியார். மறுநாளும் அவன் வருவான். மலைப்பாதைத் தேநீர்க் கடைக்கு வருபவனோ ஒரு முறையே வருகிறான். அவனிடம் இருமடங்கு விலை கேட்பதால் நட்டம் என்ன என்று தோன்றுதல் இயல்பே. நட்டம் உண்டு, அது கடைக்காரனை மட்டும் சார்வதன்று. பயணி கடையின் பெயரை மறந்துவிடுவான், ரிவர்ஸ்டன் என்ற பெயரை மறக்கமாட்டான். ஒருவன் செய்த பிழை மலை முழுவதன்மேலும் ஏறுகின்றது. ஒருவன் செய்த நன்மையும் அவ்வாறே ஏறுகின்றது.

எனவே இத்தகைய இடத்தில் நுகர்வோர்க்குச் செய்யும் சேவையும் சமூகத்துக்குச் செய்யும் சேவையும் இருவேறு செயல்களல்ல. உள்ளூரார்க்கும் வெளியூரார்க்கும் ஒரே விலை சொல்லுதல். மூடுபனி இறங்கும் வேளையில், விற்பனை குறையினும், மேலே செல்லாதீர் எனத் தடுத்தல். அட்டைக் கடிக்கு உப்பையோ சவர்க்காரத்தையோ விலையின்றிக் கொடுத்தல். தாம் விற்ற போத்தலும் பொலித்தீனும் காட்டினுட் சேராது திரும்பப் பெறுதல். மரக்கறியையும் தயிரையும் அயலவரிடம் வாங்குதல். வழிகாட்டும் வேலையை ஊர் இளைஞர்க்கு அளித்தல். சிங்களத்திலும் தமிழிலும் வருவோரை வரவேற்றல். இவற்றுள் எதற்கும் பெருமுதல் வேண்டியதில்லை. இவை கைவிடப்படின் இழக்கப்படுவதோ எவராலும் மீட்டுத் தர முடியாத ஒரு காடும் அதன் பெயரும் ஆகும்.

நற்பெயர் தனியொருவரின் உடைமை எனக் கருதும்வரை அது விளம்பரமாகவே நின்றுவிடும். பலர் உழைப்பால் விளைந்து பலரும் பங்கிடும் பொதுச்செல்வம் என உணரப்படும்போதே அது அறமாகின்றது. கோப்பியையும் தேயிலையையும் ஏலத்தையும் விளைவித்து, பெயரை மட்டும் பிறரிடம் விட்டுவிட்ட மலைநாட்டு மக்களுக்கு, தம் பெயரைத் தாமே ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பு இப்போது ரிவர்ஸ்டனின் பாதையோரத்திற் கிட்டியுள்ளது. அதனைக் காத்தல் அங்குக் கடை வைத்திருப்போர்க்கும் அம்மலையை நாடிச் செல்வோர்க்கும் ஒருங்கே உரிய கடனாகும்.