வாசற்கதவு

2011-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் பூர்வீக வீடு இடிக்கப்பட்டது. விற்பனைப் பத்திரத்தில் அண்ணன் முதலில் கையொப்பமிட்டார். அடுத்துக் கையொப்பமிட்டவன் நான். வாங்கியவருக்கு வேண்டியிருந்தது மனை மட்டுமே. ஓடுகளும் உத்திரங்களும் ஒரே நாளில் வண்டியேறின. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு என்று பாட்டி பெருமை பேசிய இரட்டை வாசற்கதவும் அவற்றோடு போயிற்று. நான் அப்போது விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அங்கே நிற்க எனக்குத் துணிவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் மகன், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் அக்கதவுகளுள் ஒன்றைக் கண்டான். அடையாளம் காட்டியது ஓர் ஆணித்துளை. அப்பா குடை மாட்டுவதற்காகக் கதவின் உட்புறத்தில் அடித்திருந்த ஆணியின் துளை அது. சுற்றிலும் துருவின் கருமை படிந்திருந்தது. சென்னையில் இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த அவன், தன் ஒரு மாத ஊதியத்தைக் கொடுத்து அக்கதவை மீட்டு வந்தான்.

"சித்தப்பா, இதைக் கிடாராக்கப் போகிறேன்" என்றான்.

எனக்குச் சினம் வந்தது. வீணையாகவாவது செய்யலாகாதா என்றேன். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் வேண்டும், அதன் குடத்தைக் குடைந்தெடுக்க வேண்டும், கதவிலோ இருப்பவை பலகைகள், கிடார் பலகைகளால் ஆவது என்று பொறுமையாக விளக்கினான்.

அவ்வாண்டு விடுமுறை நாள்களை அவன் பட்டறையில் கழித்தேன். பழைய மரம் என்றாலே இன்னிசை பிறக்கும் என்பாரை அவன் ஒப்புவதில்லை. புதிதாக வெட்டிய மரத்தில் நீர் மிகுதி. உலர உலர அது சுருங்கும், வளையும், வெடிக்கும். கதவோ அந்த மாற்றங்களையெல்லாம் வாசலில் நின்றபடியே கடந்துவிட்டிருந்தது. அவன் விரும்பியது அந்த அடக்கத்தைத்தான். தடித்த பலகையை நடுவே அறுத்து, புத்தகத்தைப் போல விரித்து வைத்தான். இருபாதியிலும் மரத்தின் வரிகள் ஒன்றுக்கொன்று எதிரொளியாக அமைந்தன. உள்ளே ஒளிந்திருந்த மற்றோர் ஆணி, வாளின் பற்களை முறித்தது.

பக்கப்பலகையை வளைப்பதுதான் கடினம். 2 மி.மீ. அளவுக்கு இழைத்த பலகையை நனைத்து, காய்ந்த இரும்புக் குழாயின்மேல் வைத்து, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். முதற்பலகை இடுப்பு வளைவில் முறிந்தது. அந்த ஒலியை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. முறிந்ததற்கு ஈடாகக் கதவில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பலகை. அவன் அன்று வேலையை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியலில் தொடங்கினான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். இம்முறை மரம் இசைந்தது. பிறகு பசை பிடிவாதம் செய்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. கறையானிடமிருந்து கதவைக் காத்த அதுவே பசைக்குப் பகை. ஒட்டிய இணைப்பு ஒருமுறை விட்டுப்போயிற்று. பரப்பைத் தேய்த்து, எண்ணெயைத் துடைத்தெடுத்து, உடனே மறுபடியும் ஒட்டினான்.

மேற்பலகைக்குத் தேக்கு ஏற்றதன்று, எடை மிகுதி. உடைந்த பழைய பியானோ ஒன்றின் ஒலிப்பலகையை வாங்கி வைத்திருந்தான். அது ஸ்புரூஸ் என்னும் மரம். பைன் குடும்பத்தைச் சேர்ந்தது. எடை குறைவு, விறைப்பு மிகுதி. அதை ஏறத்தாழ 3 மி.மீ. அளவுக்கு இழைத்தான். இழைப்பதும், காதருகே பிடித்துத் தட்டிக் கேட்பதும், மீண்டும் இழைப்பதுமாக ஒரு பகல் முழுதும் கழிந்தது. மாணவர்களே, ஒரு தடித்த பலகையையும் மெல்லிய பலகையையும் நீங்களும் தட்டிப் பாருங்கள்; அவன் எதற்காகக் காத்திருந்தான் என்பது விளங்கும்.

தந்தி பூட்டிய மாலையில் அவன் மீட்டியபோது, "நம் வீடு பேசுகிறதடா" என்றேன். அவன் சிரித்தான்.

"பேசுவது பெரும்பாலும் பியானோப் பலகைதான், சித்தப்பா" என்றான். ஸ்பெயின் நாட்டுக் கிடார்க் கலைஞர் அந்தோனியோ தே தோரஸ், 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து, கிடாரின் குரல் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டியதைச் சொன்னான். அக்கருவி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. இந்தப் பொய்யையாவது அவன் எனக்கு விட்டுவைத்திருக்கலாம்.

ஆயினும், ஆணித்துளையை அடைத்துவிடச் சொன்னபோது அவன் மறுத்துவிட்டான். அமெரிக்காவின் பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளின் பலகைகளால் 1995-இல் ஒரு கிடார் செய்தாராம். அதில் ஆணித்துளைகளை மறைக்கவில்லையாம். கிடாரின் பின்புறத்தில், துருவின் கருவளையத்தோடு அத்துளை அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறன்று அண்ணன் வந்தார். வீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் ஈராண்டாகப் பேசிக்கொள்ளவில்லை. கிடாரை வாங்கித் திருப்பினார். துளையின்மேல் விரல் வைத்தார். நெடுநேரம் கழித்து என்னைப் பார்த்து, "குடையை இனி எங்கே மாட்டுவது?" என்றார்.