சாத்தா? சாட்டா?

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இருந்த ஒரே கவலை இந்தி. (2024-இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் வாயில் வரமாட்டேன் என்கிறது.) பி.காம். வரைக்கும் தமிழ்நாட்டிலேயே படித்தவன் நான். இங்கேயோ கவுண்டருக்கு வருகிறவர் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிகோபாரி என்று யாராக இருந்தாலும் பொதுவில் பேசுவது இந்திதான். நம்ம ஆட்களே சில சமயம் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார்கள்.

அதனால் யார் பேசி எனக்குப் புரியாவிட்டாலும் பழியை இந்தி மேல் போட்டுவிடுவேன். 'ஹாங் ஜி, ஹாங் ஜி' என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்வேன். இரண்டு வருஷம் வண்டி இப்படியே ஓடியது.

ஒரு மழை நாள். பக்கத்துத் தீவிலிருந்து படகேறி ஒரு அம்மா வந்திருந்தார். கைநாட்டு. இப்படிப்பட்டவர்களுக்குப் படிவத்தை நாங்களே நிரப்பி, ரேகை வாங்கி, சாட்சிக் கையெழுத்தோடு பணம் கொடுப்பது வழக்கம். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னது 'சாட் ஹஸார்', அறுபதாயிரம். என் காதில் விழுந்தது 'சாத் ஹஸார்', ஏழாயிரம். வெளியே தகர ஷீட்டில் மழை வேறு. ஏழாயிரம் என்று எழுதினேன். அவரும் கைநாட்டு வைத்தார், பணத்தை வாங்கினார், எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் அவர் மகன் வந்தான். "அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கலை சார். கணக்குல அவ்வளவுதான் மிச்சம்னு நினைச்சுட்டாங்க" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். மீதிப் பணத்துக்கு ஏற்பாடு செய்தேன். கணக்கில் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரியை எந்த லெட்ஜரில் எழுதுவது?

அன்று இரவு ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். தமிழில்தான் பேசினார். மூன்று தடவை "என்னம்மா?" என்று கேட்டேன். நாலாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு "சரிம்மா" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, கோளாறு இந்தியில் இல்லை என்று.

அடுத்த லீவில் சென்னையில் காதைச் சோதித்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இடப்பக்கம் நன்றாக ஆரம்பித்த கோடு, வலப்பக்கம் போகப் போகச் சரிந்த பங்கு விலை மாதிரி இறங்கியிருந்தது. இடது என்பது கனமான ஒலி, வலது என்பது கீச்சு ஒலி. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகள் பலமாக இடப்பக்கம் விழும். ச, த, ட, ஃப போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தங்கள் பெரும்பாலும் வலப்பக்கம். எனக்குப் போனது வலப்பக்கம். அதாவது சத்தம் கேட்கும், சொல் புரியாது. 'சாத்'தும் 'சாட்'டும் ஒன்றாகிவிடும். உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது என்றார் டாக்டர்.

காது மெஷின் என்றதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம். கண்ணாடி போட்டால் படித்தவன், மெஷின் மாட்டினால் கிழவன் என்பதுதானே நம் ஊர்க் கணக்கு? வயது நாற்பத்தாறுதான் ஆகிறது! விலையும் லேசில்லை, ஜோடி ஒரு ஸ்கூட்டர் விலை. (ஒரே ஆறுதல், காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்கு 1981-இலிருந்து மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டமும் உண்டு.)

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

1. மாட்டிய முதல் வாரம் நரகம். பிரிட்ஜ் உறுமும், செருப்பு கிறீச்சிடும், நோட்டு எண்ணும் மெஷின் மண்டைக்குள் ஓடும். மறந்துபோன சத்தங்களை மூளை மறுபடி பழகச் சில வாரம் ஆகும். பயந்து டிராயரில் போட்டுவிட்டால் அவ்வளவுதான்.

2. இது ஒலிபெருக்கி அல்ல. உங்களுக்கு எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் கூட்டும்படி கம்ப்யூட்டரில் அமைக்கிறார்கள். ஒரே தடவையில் சரிவராது. என்னுடையதைச் சென்னையிலிருந்தே செல்போன் வழியாகச் சரிசெய்கிறார்கள். 2020 ஆகஸ்டில் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு சென்னையை அந்தமானோடு இணைத்தார்களே, அது என் காதுக்கும் சேர்த்துத்தான் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன்.

3. இந்த ஊர் ஈரக்காற்றில் மெஷின் சீக்கிரம் கெடும். ராத்திரி சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள்.

4. அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள். கல்யாண வீட்டு இரைச்சலில் எனக்கு இன்னமும் பாதிதான் புரியும். அங்கே "கொஞ்சம் முகம் பார்த்துப் பேசுங்க" என்று கேட்டுவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மூளைக்கும் நல்லதா என்று கேட்பார்கள். 2023-இல் லான்செட்டில் வந்த அமெரிக்க ஆய்வில் 70 வயது தாண்டிய ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்களை மூன்று வருஷம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மறதி நோய் வரும் அபாயம் அதிகமுள்ள பிரிவினரிடம், மெஷினும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு நினைவாற்றல் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது.

எனக்கு அந்தக் கணக்கை விட அப்பாதான் ஞாபகம் வருகிறார். கடைசி ஏழெட்டு வருஷம் அவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். "வயசானதும் மனுஷன் எவ்வளவு சாந்தமாயிட்டார் பாரு" என்று ஊரே மெச்சியது. நானும் பெருமைப்பட்டேன். அது சாந்தமே இல்லை. நான் கவுண்டரில் ஆட்டிய அதே தலையாட்டல்தான் அது.

உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று சாந்தமாகியிருந்தால், ஒரு தடவை காதைச் சோதித்துவிடுங்கள்.

அந்த அம்மா போன மாதமும் வந்திருந்தார். 'சாத் ஹஸார்' என்றார். விரல்விட்டு ஏழு காட்டிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே அவரும் ஏழு விரல் காட்டினார். காதில் மெஷின் இருந்தாலும் சரிபார்ப்பது நல்லதுதானே!