பற்கறையும் கிணற்று நீரும்

பங்காருபேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் பழுப்பேறிய பற்களைக் கண்டு, "இவர்கள் பல் துலக்குவதில்லை போலும்" என்று வெளியூரார் எளிதில் சொல்லிவிடுகின்றனர். என் தமையனார் மகள் இச்சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். பெண் பார்க்க வந்த ஓர் அம்மையார், "வெற்றிலைப் பழக்கம் உண்டோ?" என்று வினவிய நாள்முதல், கையால் வாயை மறைக்காமல் அவள் சிரித்ததில்லை.

அக்கறை துலக்காமையால் வந்ததன்று. கோலார் மாவட்டத்தில் பாறையினின்று கரையும் புளூரைடு, நிலத்தடி நீரில் பலவிடங்களில் மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாதாயின் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதனினும் மிக்க நீரைப் பல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதிற்குள், பருகி வந்தால் எனாமல் செவ்வனே முற்றுவதில்லை. வெண்திட்டுகளோடு முளைக்கும் பல் பின்னர்ப் பழுப்பேறுகிறது. வளர்ந்தபின் இங்குக் குடியேறியவர்க்குப் பல்லில் இக்கறை படியாது. ஒரே வீட்டில் தாய்க்கு வெண்பல்லும் மகளுக்குப் பழுப்புப் பல்லும் இருத்தலின் காரணம் இதுவே.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901 முதல் மக்கே என்னும் பல் மருத்துவர் இத்தகைய கறையை ஆராய்ந்தார். காரணம் புளூரைடே என்பது 1931-இல்தான் புலப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் இருத்தலை 1937-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். தங்கவயலுக்கு நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் இக்குறையுள்ள நீர் உண்டு.

கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் கரித்தூளும் உப்பும் அதனைப் போக்கா. செங்கற்பொடியோ பல்லைத் தேய்த்தே விடும். முதலிற் கண்ட மருத்துவர், முன்பற்கள் ஆறையும் சுற்றிலும் அராவிப் பீங்கான் உறை போடவேண்டும் என்றார். உடைந்து குழி விழுந்த பல்லுக்கு அது தகும். இருபது வயதுப் பெண்ணின் உறுதியான பற்களை அவ்வாறு அராவுவதில் எனக்கு உடன்பாடில்லை. அராவிய எனாமல் மீண்டும் வளராது, உறையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். முகப்பில் மட்டும் ஒட்டும் 'வெனீர்' என்னும் மெல்லிய பீங்கான் தகட்டிற்கும் பெரும்பாலும் சிறிதளவு அராவியே ஆகவேண்டும்.

பெங்களூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வேறு வழி கூறினர். ஈறுகளுக்குக் காப்பிட்டு, மென்மையான அமிலமும் நுண்பொடியும் கலந்த பசையால் எனாமலின் மேற்படலத்தை மயிரிழையளவு தேய்த்தெடுத்தனர். பின்னர் வெளுக்கும் மருந்திட்டனர். எஞ்சிய இரண்டு குழிகளைப் பல்நிறப் பசையால் நிரப்பினர். சில நாட்கள் குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசிற்று, பின்பு அடங்கிவிட்டது. விளம்பரப் படத்து முத்துவெண்மை வரவில்லை, பாலாடை நிறந்தான் வந்தது. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. இம்முறை ஆழ்ந்த கறைக்குப் பயன்படாது என்பதையும் அம்மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார்.

அவள் அக்காள் மகனுக்கு இப்பொழுது மூன்று வயது. கொதிக்க வைத்த நீரையே அவனுக்குக் கொடுத்து வந்தனர். கொதித்தால் கிருமி சாகும். புளூரைடு போகாது, நீர் வற்ற வற்ற மிகவே செய்யும். இதைக் கேட்டவுடன் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புட்டியில் நிரப்பிச் சோதனைக்கு அனுப்பினாள் சித்தி. முடிவு வரும்வரை பிள்ளைக்குச் சுத்திகரிப்பு நிலையத்துக் கேன் நீர்தான். அதனைச் சுமந்து வரும் வேலையும் அவளுடையதே.