மாத்திரையும் ஜெபமும்



கொஞ்ச நாளாகவே உங்களில் சிலர் விடுதலைக் கூட்டங்களின் வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டீச்சர், இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கிறீர்கள். “பெரியம்மா, பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்டவர்களும் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று. பிசாசு என்று ஒன்று இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. சுவிசேஷங்களில் இயேசு அசுத்த ஆவிகளைத் துரத்தினார் என்பதை அப்படியே விசுவாசிக்கிறேன். இன்றைக்கும் அவரால் முடியும். என் கேள்வி வேறு. ஒருவருக்கு வந்திருப்பது பிசாசுதான் என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்?

இன்றைய கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் ஒரு ஆவியின் பெயர் இருக்கிறது. கோபத்துக்கு ஒரு ஆவி, கடனுக்கு ஒரு ஆவி, கல்யாணத் தடைக்கு ஒரு ஆவி, தலைவலிக்கு ஒரு ஆவி. மேடைக்கு வந்த பெண்ணின் வாயருகே மைக்கை வைத்து, “உன் பேர் என்ன? எப்ப உள்ள வந்தே? யார் ஏவி விட்டது?” என்று கேட்கிறார்கள். அவள் சொல்கிற பதிலை வைத்து அத்தை மேலோ பக்கத்து வீட்டுக்காரி மேலோ பழி விழுகிறது. இதற்கெல்லாம் வசனம் எங்கே என்று கேட்டால், “நாங்கள் அனுபவத்தில் கண்டது” என்கிறார்கள்.

இந்தப் பட்டியல் போடும் வழக்கம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் 1973-இல் ஹேமண்ட் தம்பதியர் எழுதிய ‘பிக்ஸ் இன் த பார்லர்’ என்ற புத்தகத்தில் ஆவிகளை 53 கூட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். மனச்சிதைவு நோயையும் ஆவிகளின் வேலையாகவே விளக்கியிருந்தார்கள். அதை எதிர்த்தவர்கள் அவிசுவாசிகள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அந்நிய பாஷையையும் தெய்வீக சுகத்தையும் விசுவாசிக்கிற அமெரிக்க அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையே, மறுபடியும் பிறந்த விசுவாசிக்குள் பிசாசு குடியிருக்க முடியாது என்று 1972-இல் எழுத்து மூலமாக அறிவித்திருந்தது.

என்னிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு ஆய்வக நோட்டு ஞாபகம் இருக்கும். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போடுவோம். ‘வெண்ணிற வீழ்படிவு’ என்பது காண்பன. அது எந்த உப்பு என்பது அறிவன. வெள்ளையாக வீழ்படிவு தருவது ஒன்றல்ல, பல உண்டு என்பதால்தான் அடுத்து உறுதிச் சோதனை செய்யச் சொல்வேன். காண்பனவில் எழுத வேண்டியதை அறிவனவில் எழுதினால் சிவப்பு மை விழும்.

அனுபவத்துக்கும் அதே கணக்குதான். ஒரு பெண் கீழே விழுந்தாள், குரல் மாறியது, அழுதாள், பிறகு அமைதியானாள். இவ்வளவும் காண்பன. “ஏழு ஆவிகள் வெளியேறின” என்பது அறிவன. வலிப்பிலும் ஆள் விழுவது உண்டு. மனநோயிலும் குரல் மாறுவது உண்டு. வருடக்கணக்காக வீட்டில் வாய் திறக்க முடியாதவள், பாட்டும் சத்தமும் நிறைந்த இடத்தில் வாய்விட்டுக் கதறி அழுவதும் உண்டு. அனுபவம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் அர்த்தத்தை அது தானே சொல்வதில்லை.

வேதம் இதில் நம்மைவிட நிதானமாக இருக்கிறது. மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்களும், சந்திரரோகிகளும், திமிர்வாதக்காரரும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு வந்தபோது பவுல் எந்த ஆவியையும் கட்டவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமு வியாதிப்பட்டபோது அவரை மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். அதற்காக அவர் விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை.

பிசாசு பேசினால் அதைக் கேட்டுப் பாடம் படிக்கவும் வேதம் சொல்லவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு அவைகளைப் பேசவிடவில்லை. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற பெண் பவுலைப் பற்றி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த உண்மையையும் அவர் சாட்சியாக ஏற்கவில்லை. கதரேனருடைய நாட்டில் இயேசு ஒருமுறை பெயர் கேட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலை வைத்து அவர் எந்த உபதேசமும் ஏற்படுத்தவில்லை, யார் மேலும் பழி போடவில்லை. பொய்க்குப் பிதா என்று அவரே சொன்னவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, அவன் சொல்வதை நம்பி ஒரு குடும்பத்தைப் பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பிளஸ் ஒன் படிக்கும்போது அவனுக்கு வலிப்பு இருந்தது. மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தான். ஒரு மூன்று நாள் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். விடுதலையாகிவிட்டான், இனி மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வாரம் சைக்கிளில் போகும்போது வலிப்பு வந்து விழுந்தான். தலையில் தையல், கையில் எலும்பு முறிவு. பெற்றோர் மறுபடி அங்கே போய்க் கேட்டதற்கு, “போன ஆவி வேற ஏழு ஆவியைக் கூட்டிட்டு வந்திருக்கு, வீட்டுல யாரோ கதவைத் திறந்து விட்டிருக்கீங்க” என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நான் என்ன பாவம் செஞ்சேன்? எந்தக் கதவைத் திறந்தேன்?” என்று கேட்டாள். விடிய எழுந்து பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்தவள் அவள்.

சுகமானால் எங்கள் அபிஷேகம், சுகமாகாவிட்டால் உன் பாவம். எப்படி முடிந்தாலும் சொன்னவரே சரி என்று ஆகிற சோதனையை நான் ஆய்வகத்தில் ஒத்துக்கொண்டதில்லை, சபையிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மத்தேயு 17-இல் வருகிற பையனுக்கு சந்திரரோகம், பிசாசு இரண்டுமே சொல்லியிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் அங்கே கண்டறிந்தவர் இயேசு. மேடையில் மைக் பிடித்திருப்பவர் இயேசு அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். சீஷர்களால் முடியாமல் போனபோது இயேசு அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, சீஷர்களின் அவிசுவாசத்தைத்தான் கடிந்துகொண்டார்.

படிக்காத கிராமத்து ஜனங்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் அன்னலீஸ் மிஷெல் என்ற கல்லூரி மாணவிக்கு வலிப்புக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஆயரின் அனுமதியோடு, 1975-இலும் 1976-இலுமாக அவளுக்கு 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். அவள் பேசியதையெல்லாம் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அனுபவத்துக்கு அங்கே குறைவே இல்லை. அவள் சாப்பாட்டை விட்டாள். 1976 ஜூலை 1-ஆம் தேதி, 23 வயதில், பட்டினியாலும் நீர்ச்சத்து இழப்பாலும் இறந்தாள். பெற்றோரும் இரண்டு குருமாரும் குற்றவாளிகள் என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் யாரும் அவளை வெறுத்தவர்கள் அல்ல என்பதுதான் வேதனை. 1985-இல் வத்திக்கான் ஆயர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதிகாரம் பெறாதவர்கள் கூட்டம் நடத்தி, பிசாசை நேரடியாகக் கேள்வி கேட்டு அதன் பெயரை விசாரிக்கக் கூடாது என்று அதில் எச்சரித்தது.

“அப்படியானால் எனக்குக் கிடைத்த சுகம் பொய்யா டீச்சர்?” என்று ஒருவர் கேட்டார். இல்லை அப்பா, உன் சாட்சியை நான் பொய்யென்று சொல்லவே மாட்டேன். கர்த்தர் உனக்குச் செய்ததற்கு நீ நன்றி சொல். ஆனால் உனக்கு நடந்தது மற்றவர்களுக்குச் சட்டமாகாது. யோவான் 9-இல் பார்வை பெற்ற மனுஷனைப் பார். பரிசேயர் துருவித் துருவிக் கேட்டபோது, முன்பு குருடனாயிருந்ததும் இப்போது காண்பதும் மட்டும் தனக்குத் தெரியும் என்றான். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான். அவன் நோட்டுக்கு நான் முழு மார்க் போடுவேன். பேதுருவும் அப்படித்தான். மறுரூப மலையில் மகிமையைக் கண்ணாரக் கண்டவர், அதைச் சொன்ன கையோடு, அதிக உறுதியான தீர்க்கதரிசன வசனத்தைக் கவனித்திருங்கள் என்றுதான் நம்மை அனுப்புகிறார்.

எனவே, கேட்டவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்.

டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வலிப்பு உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சரியான மருந்தால் வலிப்பு வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சுகமாகிவிட்டது என்று நம்பினால் டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள். இயேசுவும் சுகமான குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கத்தானே சொன்னார்.

அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலச் சட்டம் 2017-இன்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். பிள்ளை விழுந்து புரள்வதை யாரும் வீடியோ எடுக்கவும் விடாதீர்கள். நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மனக்கஷ்டம் என்றால் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். யாக்கோபு சொன்னபடி சபை மூப்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஆவிகள் கீழ்ப்படிவதைப் பற்றி அல்ல, நம் நாமங்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றிச் சந்தோஷப்படச் சொன்னவர் நம் ஆண்டவர். அந்தச் சந்தோஷம் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கும் உண்டு என்று அவளிடமே சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கோபப்பட மாட்டேன். வீட்டில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்தால் எல்லாரும் பார்க்க எழுத வேண்டாம், தனியாக போன் போடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், வருகிறேன்.

உங்கள் டீச்சர்