அப்பத்தாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு

நம்ம சுவர் பத்திரிகையில் எல்லாரும் அம்மா, மழை, வைகை அணைக்குச் சுற்றுலா போனது என்று எழுதுகிறார்கள். நான் சளியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படிக்கவும். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதம் மூன்றாவது புதன்கிழமை எங்க அப்பத்தாவுக்கு இருக்கிற நோய்க்கு என்று உலகம் முழுக்க ஒரு தினம் இருக்கிறதாம். 2002-ல் இருந்து நடக்கிறது என்று அறிவியல் டீச்சர் சொன்னார்கள். அதற்காக ஏதாவது எழுது என்றார்கள். எனக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்பத்தாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருக்கும். தமிழில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இது முழுசாகக் குணமாகாது. மருந்தை விடாமல் எடுத்தால் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். 2021-ஆம் வருஷம் மட்டும் உலகத்தில் 35 லட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீடி சிகரெட்டால் வருகிற நோய் என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். அப்பத்தா பீடியைத் தொட்டதே கிடையாது. வெற்றிலை மட்டும் போடும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் விடியக்காலம் ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போச்சு. காய் எடுக்கிற காலத்தில் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் வேலை. விறகு போட்டுச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறக்க முடியாத புகையாம். ராத்திரி வீட்டுக்கு வந்தால் விறகு அடுப்பு. எங்க வீட்டுக்கு கேஸ் வந்ததே நான் பிறந்த பிறகுதான். நம்ம மாதிரி நாடுகளில் அடுப்புப் புகையும் இந்த நோய்க்கு ஒரு பெரிய காரணம் என்று டாக்டர் சொன்னார். "ஊதாங்குழல் ஊதின வாய்டி இது. இப்ப இந்த மிசினை வாயில வச்சு உறியச் சொல்றாக" என்று இன்ஹேலரைக் காட்டி அப்பத்தா சொல்லும்.

சளி பிடித்தால் நமக்கு மூக்கு ஒழுகும், ரெண்டு நாள் தலை வலிக்கும், கஷாயம் குடித்தால் போயிரும். அப்பத்தாவுக்கு அப்படி இல்லை. வயலுக்குப் போகிற வாய்க்கால் சுத்தமாக இருந்தால் நாலு சருகு விழுந்தாலும் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிரும். மண் மேடிட்டுப் போன வாய்க்காலில் ஒரு வாழைச் சருகு விழுந்தால் போதும், தண்ணி நின்றுவிடும். அப்பத்தாவின் மூச்சுக்குழாய் மேடிட்டுப் போன வாய்க்கால். சளிக் கிருமி போனதும் உள்ளே வீங்கும், சளி சுரக்கும், காத்துப் போக இடமே இல்லாமல் ஆகும்.

போன தைப்பொங்கலுக்கு திருப்பூரில் இருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய மூணு வயசுப் பாப்பாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. பாப்பா அப்பத்தா மடியை விட்டு இறங்கவே இல்லை. கரும்பைக் கடித்து அப்பத்தா வாயில் ஊட்டிவிட்டது. பச்சைப் பிள்ளையை யார் என்ன சொல்ல முடியும்? மாட்டுப்பொங்கல் முடிந்து அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். அதற்கு மறுநாள் அப்பத்தாவுக்குத் தும்மல். நாலாம் நாள் ராத்திரி படுக்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்துச்சு. பேசினால் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. துப்பின சளி பச்சையாக இருந்தது. உதடு ஒரு மாதிரி நீலம் பாய்ந்து இருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தார்கள். அப்பா 108-க்குப் போன் போட்டார். க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எட்டு நாள் வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டுக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை இப்படி ஆகும்போதும் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சம் வீணாகும், பழையபடி முழுசாக வராது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். உண்மைதான். பொங்கலுக்கு முன்னாடி காளியம்மன் கோயில் வரைக்கும் நிற்காமல் நடக்கும். இப்ப வழியில் ரெண்டு இடத்தில் உட்காரும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நம்ம ஊர்களில் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் என்ன நடக்கும்? ஊரே பார்க்க வரும். ஹார்லிக்ஸ் பாட்டில், பிரெட், ஆரஞ்சுப் பழம். வராமல் இருந்தால் அது பெரிய குத்தம். "நான் கெடந்தப்ப எட்டிப் பாத்தாளா?" என்ற பேச்சு பத்து வருஷத்துக்கு நிற்கும். அதனால் காய்ச்சலோடவும் வருவார்கள், இருமிக்கொண்டும் வருவார்கள். வந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று கட்டிலிலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அது பாசம்தான். ஆனால் கையில்தான் கிருமி இருக்கிறது! மூக்கைத் துடைத்த கையில் சளிக் கிருமி சில மணி நேரம் உயிரோடு இருக்குமாம். அந்தக் கையைத் தொட்டு நம்ம கண்ணையோ மூக்கையோ தொட்டால் போதும்.

இதில் இன்னொரு கூத்து. நல்லா இருக்கிற பல பேர் எங்க வீட்டுக்கு வரப் பயந்தார்கள். அப்பத்தா இருமுகிற சத்தத்தைக் கேட்டு டி.பி. என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகளை எங்க வாசலில் விளையாட விடவில்லை. அப்பத்தாவுக்குச் சளியை எடுத்துப் பரிசோதனை செய்து டி.பி. இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே டி.பி. என்றாலும் ஒதுக்கி வைக்க வேண்டியது இல்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். டி.பி. வந்தவர்களில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் வைத்தும், பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே மாதிரி குணமானார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டதால் அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் அதிகமாக ஒட்டவில்லை. நம்ம தமிழ்நாட்டில் கண்டுபிடித்துச் சொன்ன இந்த விஷயத்தை அப்புறம் உலகமே எடுத்துக்கொண்டது. அப்பத்தாவிடம் இருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. மற்றவர்களிடம் இருந்துதான் அப்பத்தாவுக்கு ஒட்டும். பயப்பட வேண்டியது அப்பத்தா. பயந்து ஓடுவது ஊரு.

சரி, சளியோடு வருகிறவர்களை எப்படி நிறுத்துவது? அண்ணன் ஒரு அட்டையில் "சளி உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினான். அப்பா சாயந்தரமே கிழித்துப் போட்டார். "வாங்கன்னு சொல்ற வீட்டுல வராதேன்னு எழுதி வைக்கிறதா?" என்று ஒரே சத்தம். அடுத்த வாரம் எங்க அத்தை வந்துச்சு. அப்பத்தாவுக்கு ஒரே மகள். வந்த உடனே தும்மல். அம்மா, "மதினி, திண்ணையிலேயே இருங்க, அத்தைக்கு ஆகாது" என்று சொன்னார்கள். தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அத்தை, "என்னைப் பெத்தவளைப் பாக்க எனக்கு இவ உத்தரவு வேணுமா?" என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த பூவைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தது. மூணு மாசம் வரவே இல்லை. போனும் எடுக்கவில்லை. அப்பத்தா சாப்பிடாமல் அழுதது. "மூச்சு போனாப் போகுது, எம்மக வரட்டும்" என்று சொன்னது. அழுதாலும் அப்பத்தாவுக்கு மூச்சு வாங்கும். எது நல்லது எது கெட்டது என்று அந்த மூணு மாசம் எங்க யாருக்கும் புரியவில்லை.

அப்பத்தா சின்ன வயசில் விருந்தாளி வந்தால் முதலில் ஒரு செம்பில் தண்ணி கொடுப்பார்களாம். கை கால் கழுவிவிட்டுத்தான் திண்ணையில் ஏறுவார்கள். பஸ் இல்லாத காலம், நடந்து வந்த காலில் புழுதி. இதை ஒருநாள் அப்பத்தாவே பேச்சுவாக்கில் சொல்லுச்சு. எனக்கு அதுதான் சரி என்று தோன்றியது. வாசல் படியில் ஒரு குடம், செம்பு, சோப்பு, துண்டு வைத்தேன். யார் வந்தாலும், சளி இருக்கோ இல்லையோ, "வாங்க, கை கழுவுங்க" என்று நானே தண்ணி ஊற்றுவேன். எல்லாருக்கும் ஊற்றுவதால் யாருக்கும் கோபம் வரவில்லை. சில பெரியவர்கள் "பழைய மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்றுகூடச் சொன்னார்கள்! தும்முகிறவர்களாக இருந்தால், "டாக்டர் கிட்டக்க விடக் கூடாதுன்னு ரொம்பக் கண்டிசனாச் சொல்லிட்டாருங்க" என்று சொல்வேன். டாக்டர் மேல் யாரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள். டாக்டர் சொன்னதும் அதுதானே.

அப்பா அப்பத்தாவின் கட்டிலைத் திண்ணை ஜன்னல் ஓரமாகப் போட்டுக் கொடுத்தார். வந்தவர்கள் திண்ணையில், அப்பத்தா உள்ளே, நடுவில் ஜன்னல் கம்பி. நல்லாப் பேசலாம். எங்க திண்ணை கிழக்குப் பக்கம். ஆனி ஆடியில் நம்ம பள்ளத்தாக்கில் அடிக்கிற மேகாத்து உங்களுக்குத் தெரியும், சைக்கிளையே தள்ளிவிடும். மேற்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தால் காத்து அப்பத்தாவைத் தாண்டித்தான் திண்ணைக்கு வரும், திண்ணையில் தும்மினது உள்ளே வராது. இதைக் கண்டுபிடித்தது அண்ணன். அட்டை எழுதினதை விட இது உருப்படி. முகக்கவசம் போட்டால் அப்பத்தாவுக்கே மூச்சு முட்டுகிறது, அதனால் வருகிறவர்கள் போட்டால்தான் உண்டு. 2020-ல் கொரோனா வந்தப்ப எல்லாரும் போட்டார்கள், இப்ப கேட்டால் சிரிக்கிறார்கள். கைக்குட்டையாவது மூடுங்கள் என்று சொல்கிறேன்.

இந்தச் சளிக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கக் கூடாதா என்று டீச்சரிடம் கேட்டேன். ஃப்ளூ காய்ச்சலுக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, அப்பத்தா மாதிரி ஆட்கள் போட்டுக்கொள்வது நல்லது. சாதாரண சளிக்கு இல்லை. ரைனோ வைரஸ் என்ற ஒரு கிருமியிலேயே 150-க்கும் மேல் வகை இருக்கிறதாம். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 1946-ல் சளிக்கு மட்டுமே ஒரு ஆராய்ச்சி நிலையம் வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களாகவே வந்து மூக்கில் சளிக் கிருமியை விட்டுக்கொண்டார்கள். அங்கேதான் 1965-ல் ஒரு பள்ளிக்கூடப் பையனின் சளியில் இருந்து மனுசருக்கு வரும் கொரோனா வகைக் கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சளிக்கு மட்டும் மருந்து கிடைக்காமலே நிலையத்தை மூடிவிட்டார்கள். அவர்களாலேயே முடியவில்லை என்றால் எங்க வீட்டுக் குடமும் சோப்பும்தான் மருந்து.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சொந்தமெல்லாம் வந்தார்கள். அத்தையும் வந்துச்சு. நான் ஒன்றும் பேசாமல் எல்லாருக்கும் ஊற்றின மாதிரியே அத்தை கையிலும் தண்ணி ஊற்றினேன். அத்தை முகத்தையும் கழுவிக்கொண்டது. அழுததா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சளி இல்லை, அதனால் நேரே கட்டிலில் போய் உட்கார்ந்து சாயந்தரம் வரை அப்பத்தாவுக்குத் தலை சீவிவிட்டது. இப்ப வாரம் ஒரு தடவை வருகிறது. தொண்டை கரகரப்பாக இருந்தால் அதுவாகவே ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. அம்மாவிடம் மட்டும் இன்னும் அளந்துதான் பேசுகிறது.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எங்க வீட்டுக்குத் தினமும் வருகிற விருந்தாளி நான்தான். நம்ம வகுப்பில் ஐப்பசி கார்த்திகையில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகுகிறது. அந்தக் கிருமியை வீட்டுக்குக் கொண்டு போக நான் ஒருத்தி போதும். அதனால்தான் வீட்டுக்குப் போனதும் யூனிபார்மை மாற்றி, கை கால் கழுவின பிறகே அப்பத்தா பக்கம் போவேன். எனக்கே சளி என்றால் அண்ணன் அறையில் படுப்பேன். அதனால்தான் போன மாசம் ரெண்டாவது பெஞ்சில் இருந்து ஜன்னல் ஓரப் பெஞ்சுக்கு மாறினேன். ஒருத்தியோடு சண்டை என்றும், பெரிய இவள் என்றும் பேசிக்கொண்டீர்கள். சண்டை எதுவும் இல்லை. அவளுக்கு இருமல் இருந்தது, அவ்வளவுதான். இருமல் போனதும் நான் திரும்ப அங்கேயே உட்காருவேன், இடம் வைத்திருக்கவும்.

நோட்டு வாங்க எங்க வீட்டுக்கு வருகிறவர்கள் வாங்க. வாசலில் குடம் இருக்கும், கை கழுவிவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். அம்மா காப்பி கொடுப்பார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்து "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு குரல் கேட்கும். கொஞ்சம் சத்தமாகப் பதில் சொல்லுங்கள், அப்பத்தாவுக்குக் காதும் மந்தம்.



– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி