மன்னிப்பின் எல்லை

1999 ஜனவரி 22. ஒடிசா மாநிலம் கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர் என்னும் சிற்றூரில் நிறுத்தப்பட்டிருந்த வண்டிக்குள் ஒரு தந்தையும் அவருடைய இரு மகன்களும் உறங்கிக்கொண்டிருந்தனர். நள்ளிரவுக்குப் பின் ஒரு கும்பல் வண்டியைச் சூழ்ந்து தீயிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1965இல் வந்து, பாரிபதாவில் தொழுநோயாளருக்குப் பணியாற்றிவந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமோத்தியும் அதில் மாண்டனர்.

கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் கூறினார். நாடு வியந்தது, சிலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. எரிந்தவர்கள் அவர் அல்லர். இறந்தோரின் சார்பில் உயிரோடிருப்பவர் மன்னிக்க முடியுமா? நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட சைமன் வீசெந்தால் ‘சூரியகாந்தி’ என்னும் நூலில் எழுப்பிய கேள்வியும் இதுவே.

கிளாடிஸின் நிலைப்பாட்டைக் கூர்ந்து நோக்கினால் அதற்கொரு விடை கிடைக்கிறது. மன்னிப்பு வேறு, குற்றத்திற்குரிய தண்டனை வேறு என்று அவர் பிரித்தே பேசினார். தம் உள்ளத்தில் பகையில்லை என்றார்; சட்டம் தன் கடமையைச் செய்வதை அவர் தடுக்கவில்லை. 2003இல் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்கு மரண தண்டனை விதித்தது; 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவர் மன்னித்தது தமக்கு இழைக்கப்பட்டதை மட்டுமே: தம் கைம்மையை, மக்களை இழந்த தம் தாய்மையை. அச்சிறுவர்களுக்கு இழைக்கப்பட்டது அவர் தள்ளுபடி செய்யக்கூடிய கடன் அன்று.

பகைவரை நேசிக்கச் சொல்லும் மலைப்பொழிவு, தீமையைத் தீமை என்று அழைப்பதை விலக்கவில்லை. மன்னிப்பு என்னும் சொல்லே குற்றம் நிகழ்ந்ததை ஒப்புக்கொள்கிறது. குற்றமில்லாத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது? அங்கு பேசப்படும் அன்பைப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் ‘அகாபே’ என்கிறது. அது விருப்பு வெறுப்பைச் சார்ந்த உணர்ச்சியன்று. பிறர் நலம் நாடும் செயல். ஆகவேதான் அதைக் கட்டளையாக இட முடிகிறது. ஓர் உணர்ச்சியை எவரும் கட்டளையிட இயலாது.

கிளாடிஸிடம் அது செயலாகவே வெளிப்பட்டது. மகள் எஸ்தருடன் உடனே தாய்நாடு திரும்பியிருந்தால் குறை சொல்வார் எவருமில்லை. அவர் பாரிபதாவிலேயே தங்கினார். தொழுநோயாளர் இல்லத்தின் பணி தொடர்ந்தது. 2004இல்தான் அவர் ஆஸ்திரேலியா சென்றார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இந்நாட்டில் ஒவ்வொரு வன்முறைக்குப் பின்னும் பாதிக்கப்பட்டோரை நோக்கி, மறந்து மன்னியுங்கள் என்னும் குரல் எழுகிறது. பெரும்பாலும் அக்குரல் எதையும் இழக்காதவர்களுடையது. கிளாடிஸின் பெயரை மேற்கோள் காட்ட அவர்களுக்கு உரிமையில்லை. அவர் மன்னித்தார், மறக்கச் சொல்லவில்லை. எவரும் கேட்டுப் பெற்ற மன்னிப்பும் அன்று அது.