பசியில்லை என்றொரு சொல்

‘போதும்’ என்னும் சொல்லுக்கு எங்கள் வீட்டுக் குசினியில் ஒருநாளும் மதிப்பிருந்ததில்லை. உண்பவர் கையை மறித்துப் போதும் என்பார். பரிமாறுபவர் அந்தக் கைக்கு மேலாலேயே இன்னுமோர் அகப்பை சோற்றை இடுவார். யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலும் உள்ள வழக்கந்தான் இது. அவ்வழக்கத்தில் அன்பு உண்டு. அதனைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. ஆயினும், வேளைக்கு நான்கு மேசைக்கரண்டி உணவுக்கு மேல் ஏற்க இயலாத வயிற்றோடு அத்தகைய வீடொன்றிற் சில மாதங்கள் வாழ நேர்ந்தவளின் அனுபவம் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே எழுதத் துணிந்தேன்.

நான் வலிகாமத்திலுள்ள பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் எடை 118 கிலோ. உயரமோ ஐந்தடி இரண்டங்குலம். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. அதனோடு இரத்த அழுத்தம். மாடிப்படி ஏறினால் முழங்கால்கள் இரண்டும் முறையிடும். ‘நல்வழி’யில் ஔவையார் வயிற்றை விளித்துப் பாடிய வெண்பாவைப் படிப்பிக்கும் நாளில் கடைசி வாங்கிலிலிருந்து மெல்லச் சிரிப்பொலி எழும். பிள்ளைகள்தானே என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுததும் உண்டு.

முயற்சி செய்யாமல் இருந்தேன் என்று எவரும் எண்ணவேண்டாம். சோற்றைக் குறைத்தேன், காலையில் நடந்தேன், பத்தியம் இருந்தேன். குறைந்த எடை ஆறு மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. ஈற்றில், கொழும்பிலுள்ள விசேட வைத்தியர் ஒருவர், இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையே உமக்கு ஏற்றது என்று கூறினார். பல பரிசோதனைகளின் பின் அவ்வாண்டு பங்குனி மாதத்தில் அதற்கு உடன்பட்டேன்.

உடற்பருமனைக் குறைப்பதற்காகச் சத்திரசிகிச்சை செய்வது நேற்று இன்று தோன்றியதன்று. 1950களிலேயே அமெரிக்காவில் அதனைத் தொடங்கிவிட்டனர். காலப்போக்கில் முறைகள் பல மாறின. எனக்குச் செய்த முறையில், இரைப்பையின் முக்காற் பங்குக்கும் அதிகமான பகுதியை நீளவாக்கில் வெட்டி அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய் ஒன்றே. வயிற்றைப் பெரிதாகக் கீறுவதில்லை. சிறு துவாரங்கள் சிலவற்றினூடாகக் கருவிகளைச் செலுத்தியே யாவும் நடைபெறும். அன்று மாலையே தாதி ஒருவர் என்னை எழுப்பி நடக்க வைத்தார். குருதி கட்டிப்படாமல் இருப்பதற்கு அந்த நடை அவசியமாம்.

வயிறு சிறிதானதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது மற்றொன்று. பசியே இல்லாமற் போயிற்று. 1999ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகள் ‘கிரெலின்’ என்னும் ஓமோனைக் கண்டறிந்தார்கள். பசியைத் தூண்டும் அந்த ஓமோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரக்கின்றது. அந்தப் பகுதியே வெட்டப்பட்டுவிட்டமையால், நாற்பத்தைந்து ஆண்டுகளாக என்னை ஆட்டிவைத்த பசி, சொல்லிக்கொள்ளாமல் வெளியேறிவிட்ட விருந்தாளியைப் போலப் போய்விட்டது.

முதல் இரண்டு வாரங்களும் வெள்ளவத்தையில் அக்காவின் வீட்டில் இருந்தேன். நீரும், வடித்த பருப்புத் தண்ணீரும், கொழுப்பு நீக்கிய மோருமே உணவு. மருந்து அளக்கும் சின்னக் கிண்ணத்தில் 30 மில்லிலீற்றரை ஊற்றி, அதையும் மிடறு மிடறாகவே அருந்தவேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் நீராவது உட்செல்லவேண்டும் என்பது கட்டளை. ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தவளுக்கு, தண்ணீர் குடிப்பதே முழுநாள் உத்தியோகமாயிற்று. மூன்றாம் வாரத்திலிருந்து மசித்த உணவு; ஐந்தாம் வாரத்திலிருந்து மெதுவான உணவு; இரண்டு மாதமளவில் வீட்டிற் சமைப்பதையே மிகச் சிறிதளவில் உண்ணலாம். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. உண்டபின் அரை மணித்தியாலம் பொறுத்தே அருந்தலாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம் புரதம் சேரவேண்டும். ஆகையால் முதலில் மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, அடுத்து மரக்கறி, இடம் இருந்தாற் கடைசியிற் சோறு. எங்கள் வழக்கிற் சோறே உணவு. மற்றவை யாவும் அதற்குத் துணை. இப்பொழுது துணை முதலாகி, முதல் துணையாயிற்று.

இவையெல்லாம் கடிதத்தில் எழுதித் தந்த விதிகள். விதிகளை மனனம் செய்வது ஆசிரியைக்கு எளிது. கடினமானது அம்மாவின் முன்னே இருந்து உண்பது.

தந்தையார் காலமானபின் ஊர் வீட்டில் அம்மாவும் நானுமே வாழ்கின்றோம். நான் திரும்பி வந்த அன்று, அம்மா இடியப்பமும் சொதியும் ஆக்கி வைத்திருந்தார். மசித்த மீனில் இரண்டு கரண்டி உண்டுவிட்டு, “எனக்குப் பசிக்கேல்லை, அம்மா” என்றேன். அவர் முகம் கறுத்தது. “ஆரோடை கோவம், பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. சில நாட்களின் பின்னரே நினைவு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் எல்லோரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எனக்கு வயது பதினேழு. பாடசாலை வகுப்பறையொன்றில் நான்கு குடும்பங்களாக ஒதுங்கியிருந்தோம். கிடைத்த அரிசியில் அம்மா கஞ்சி காய்ச்சுவார். அப்பாவுக்கும் எங்கள் மூவருக்கும் வார்த்தபின், “எனக்குப் பசிக்கேல்லை, நீங்கள் குடியுங்கோ” என்பார். ஓரிரவு நான் உறங்குவதாக எண்ணி, அம்மா வெறும் பானைக்குள் தண்ணீரை விட்டு, சுழற்றி, அதனைக் குடித்ததை நான் கண்டேன். இன்றுவரை அதை அவரிடம் சொன்னதில்லை.

எனவே, ‘பசியில்லை’ என்னும் சொல் எங்கள் வீட்டில் ஒரு பொய்யின் பெயர். அந்தப் பொய்யை அம்மா தாமே பல நாள் சொல்லியிருந்தமையால், என் வாயிலிருந்து அது மெய்யாக வந்தபோது அவரால் நம்ப முடியவில்லை. கோபமோ, துயரமோ, காசுக் கஷ்டமோ என்று ஆராய்ந்தார். நான் உண்ணாமல் எழுந்த இரவுகளில் தாமும் உண்ணாமற் படுத்திருக்கிறார் என்பதை, காலையிற் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தே அறிந்தேன். எழுபத்து மூன்று வயதில் அவர் மெலியத் தொடங்கினார். நான் மெலிவதற்கு வைத்தியம் செய்தேன். மெலிவு அவரையும் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் மாதம், உறவினர் ஒருவரின் வீடு குடிபுகும் நாள் வந்தது. பந்தியிற் பிட்டும் இறைச்சிக் கறியும். பெரியம்மா ஒருவர், “உள்ள உடம்பையும் கெடுத்துப்போட்டாள்” என்று அம்மாவின் காதுபடச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். “ஒரு வாய் சாப்பிடன், பிள்ளை” என்றார். அவருக்காகவே நான் இரண்டு வாய்ப் பிட்டை, பேச்சுக்கிடையில், சரியாக மெல்லாமல் விழுங்கினேன். கணத்தில் நெஞ்சுக்கூட்டின் நடுவே கல் ஒன்று இறுகியது போன்ற வலி. வாயில் நுரைநுரையாக உமிழ்நீர் ஊறிற்று. எழுந்து கிணற்றடிக்கு ஓடினேன். விழுங்கியது முழுவதும் வெளியே வரும்வரை அம்மா என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்றிரவு அவர், “அந்த டொக்குத்தர் தந்த கடுதாசியை வாசி” என்றார். வாசித்தேன். பிட்டு, பாண், உலர்ந்த சோறு ஆகியவை சிறுத்த வயிற்றிற் கட்டியாக இறுகும். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். ஒரு வேளை உணவுக்கு அரை மணித்தியாலம் எடுத்துக்கொள்ளவேண்டும். ‘போதும்’ என்று வயிறு சொன்ன பின் ஒரு கரண்டியும் கூடாது. அம்மா முழுவதையும் கேட்டார். பின்பு, “நொறுங்கத் தின்றால் நூறு வயது எண்டு என்ரை அம்மாவும் சொன்னவதான்” என்றார். மறுநாட் காலை என் பீங்கான் கோப்பை மேசையில் இல்லை. அதன் இடத்தில், தம்பியின் மகனுக்குச் சோறு தீத்திய சின்னக் கிண்ணம் இருந்தது. “இது முடிஞ்சால் போதும். முடியாட்டில் வை” என்றார். ‘போதும்’ என்னும் சொல்லை அம்மாவின் வாயால் நான் அன்றுதான் முதன்முறை கேட்டேன்.

அதன்பின் குசினியே மாறிற்று. சிறுபயற்றைத் தோல் நீக்கி அவித்து மத்தாற் கடைந்தார். இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவிட்டார். சுறா வறையை ஈரப்பதம் குன்றாமல் இறக்கினார். கீரையின் தண்டை நீக்கி இலையை மட்டும் எடுத்தார். எந்தப் போசணை நூலும் எங்கள் ஊர்க் கறிகளுக்கு இவ்வளவு நுட்பமாக விதி சொன்னதில்லை.

வாசிப்பவர்கள் இதனை மாயமருந்து என்று கொள்ளாதிருக்க இன்னுஞ் சிலவற்றையும் கூறவேண்டும். நான்காம் மாதத்தில் என் தலைமயிர் கைகையாக உதிர்ந்தது. எடை விரைவாகக் குறையும் காலத்தில் பலருக்கு இப்படி நேர்வதுண்டு. சில மாதங்களில் மீண்டும் முளைத்தது. விற்றமின், இரும்பு, கல்சியம் ஆகியவற்றை உடல் முன்போல உணவிலிருந்து பெறாது. ஆதலால் ஆயுள் முழுவதும் குளிசை உண்டு. குருதிப் பரிசோதனையும் உண்டு. பசி போனாலும் நாவின் ஆசை போவதில்லை. திருவிழாவில் நெய்ச்சோற்றின் வாசனை வந்தபோது, இறந்துபோன ஒருவரை நினைத்தது போல நான் கண்கலங்கியதுண்டு. துக்கம் வந்தால் உண்டு ஆறியவள், அந்த வழி அடைபட்டபின் துக்கத்தோடு என்ன செய்வதென்று அறியாமற் திகைத்தேன். இரண்டாம் ஆண்டிற் பசியும் மெல்லத் திரும்பி வந்தது. சீனி போட்ட பாற்தேத்தண்ணீரும் ஐஸ்கிறீமும் அந்த ஒடுங்கிய குழாயினூடாகத் தடையின்றி இறங்கிவிடும் என்பதைக் கண்டுகொண்டேன். மூன்று கிலோ கூடியபின் அதனை நிறுத்தினேன். கத்தி வயிற்றைச் சிறிதாக்கும். கையை அடக்குவது நாமே செய்யவேண்டியது.

இரண்டாண்டு முடிவில் என் எடை 79 கிலோ. நீரிழிவுக்கான குளிசைகளுட் பெரும்பாலானவற்றை வைத்தியர் நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறிச் சென்று அதே வெண்பாவைப் படிப்பிக்கின்றேன். மூச்சு வாங்குவதில்லை.

இத்தகைய சிகிச்சை பெற்றவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின், அவருடைய கோப்பையை எட்டிப் பார்க்காதீர்கள். சிறிய பாத்திரத்திற் கொடுங்கள். அவரை அவசரப்படுத்தாதீர்கள். வற்புறுத்துவதற்குப் பதிலாக அருகில் இருங்கள். உண்ணாமை உங்கள் அன்பை மறுப்பதாகாது என்பதை நம்புங்கள். சிகிச்சை பெற்றவருக்கும் ஒரு சொல்: வீட்டாருக்கு விதிகளை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். நான் அதனை மூன்று மாதம் முன்னரே செய்திருந்தால், கிணற்றடிக்கு ஓடியிருக்க வேண்டியதில்லை; அம்மாவும் பட்டினியாற் படுத்திருக்க மாட்டார்.

அம்மாவுக்கு நானும் ஒரு விதி செய்தேன். அவர் என்னோடு இருந்து உண்டாலன்றி நான் கிண்ணத்தைத் தொடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் எல்லோரும் எழுந்தபின் குசினி வாசலில் இருந்து உண்டவர், இப்பொழுது மேசைக்கு வருகின்றார். எனக்கு அரை மணித்தியாலம் வேண்டும். அவர் பற்களுக்கும் அதே அரை மணித்தியாலம் வேண்டும். அந்த நேரத்திற் பழைய கதைகள் வருகின்றன. வகுப்பறையிற் கஞ்சி காய்ச்சிய நாட்களையும் சொல்கின்றார். பானையைக் கழுவிக் குடித்ததை மட்டும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

சென்ற வாரம் ஓரிரவு, பாதியிற் கையை எடுத்துக்கொண்டு, “எனக்குப் பசிக்கேல்லை, பிள்ளை” என்றார். நான் எழுந்து குசினிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தேன். சோறு பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு வந்து, என் கிண்ணத்தில் எஞ்சியதை மெல்லத் தொடங்கினேன்.